ஆட்சேபம் எதுவும் இல்லை

மார்ச் 4, புதன்

அக்காவின் இரண்டு நுரையீரலிலும் தழும்பு. ஆதாரம்: இன்று வந்த ஸ்கேன் அறிக்கை, படத்தை விளக்கில் வைத்துக் காட்டிய டாக்டர். காரணம் உறுதியாகவில்லை, பயாப்ஸி எடுக்கவேண்டுமாம். "பொடி, தூசு ஏதாவது புழங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். "சோப்புப் பொடிதான் டாக்டர்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மார்ச் 5

சோப்புப் பொடி மட்டும்தானா?

மார்ச் 7, சனி

அக்காவின் சலவைக்கூடத்துக்குப் போனேன். நான்கு இயந்திரம், அக்காவோடு ஆறு பெண்கள். எங்கள் ஊர் ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டுகள் வாரம் நூற்றிருபது, மூன்று வருடமாக இங்கேதான் வருகின்றன. ஊறப்போடுமுன் ஒவ்வொன்றையும் தலைகீழாகப் பிடித்து இரண்டு உதறு. "பையில பேனா இருந்தா மொத்தத் துணியும் நீலமாயிடும்டா. ஒரு தடவை பட்டாச்சு."

கண்ணாடியில் பூசும் நானோ பொடி செய்கிற ஆய்வகம் அது. தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள். ஜன்னல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதுதானே.

மார்ச் 8

இதை எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அந்த ஆய்வகத்தின் கண்காணிப்புக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி நான்தான். ஓய்வுபெற்ற நிருபர், வளைந்துகொடுக்காதவர் என்று சேர்த்தார்கள். உற்பத்தி தொடங்குமுன் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டோம். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி, ஆய்வக அரங்கம், நாற்பது நாற்காலி. ஈ காக்கைகூட வரவில்லை. பிஸ்கட்டை நாங்களே தின்றோம். பதிவேட்டில் 'பொதுமக்களிடமிருந்து ஆட்சேபம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்தாறு வருடம் செய்தி எழுதினவன். யாரும் வரவில்லை என்றால் யாரும் வரவில்லை என்றல்லவா எழுதவேண்டும்? ஒரு பயிற்சி நிருபர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பேன்.

மார்ச் 10

தலைமை ஆய்வாளரைப் பார்த்தேன். "எங்க ஆளுங்க யாரும் மாஸ்க் இல்லாம உள்ள போறதில்ல சார்" என்றார்.

"கோட்டு வெளிய போகுதே மேடம்?"

ஆய்வகத்தின் ஆபத்து மதிப்பீட்டு அறிக்கையைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். சலவை என்ற சொல்லே அதில் இல்லை. "யாருமே கேக்கலையே சார்."

கேட்கவேண்டியவன் நான்.

மார்ச் 11

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "ஜனங்க சார்பா உக்காந்திருக்கேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டியே. நான் ஜனம் இல்லையாடா?"

செத்துடலாம்போல—

மார்ச் 14

அக்கா போனை எடுக்கவில்லை. நான்காவது முறை.

மார்ச் 20, வெள்ளி

இந்த முறை மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தைச் சலவைக்கூடத்திலேயே வைத்தோம், வேலை முடியும் மாலை ஆறு மணிக்கு. பக்கத்துக் கடைக்காரர்களையும் சேர்த்துப் பதினேழு பேர். நாற்காலி போதாமல் துணிமூட்டைமேல் உட்கார்ந்தார்கள். ஆய்வகக் கோட்டு வருவது ஒரு வாரமாக நின்றிருக்கிறது. அக்கா ஒரே கேள்விதான் கேட்டாள், நடுவில் இரண்டு முறை இருமிக்கொண்டு:

"இனிமே அந்தக் கோட்டை யாரு தொவைப்பாங்க? அவங்களுக்காவது சொல்லிட்டுக் குடுப்பீங்களா?"

தலைமை ஆய்வாளர் ஆபத்து அறிக்கையின் ஓரத்தில் 'சலவை' என்று எழுதிக்கொண்டார்.

பதிவேட்டை என்னிடம் நீட்டினார்கள். அக்கா குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொண்டாள். "நீ எழுதினது போதும்."

நிலுவையில்: சலவைக்கூடத்தில் சோதனைக்கு எடுத்துப்போன காற்று மாதிரியின் முடிவு, ஏப்ரல் 2. அக்காவின் பயாப்ஸி முடிவு, ஏப்ரல் 6, திங்கள் காலை. கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.