பார்க்காமல் படித்த எண்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போனது, ஆனால் இந்த மூன்று வாரமாகப் போனில் சொன்ன பொய்யே போதும். உன் மாமாவுக்குச் சளிக்காய்ச்சல் என்றேனே, அது காய்ச்சல் இல்லை. என் தம்பிக்கு வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. எதிரே நின்றால் அந்தக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, உன் காது தெரியுதுக்கா, கொண்டை தெரியுது, மூஞ்சி மட்டும் காணோம் என்கிறான், அதையும் சிரித்துக்கொண்டே. இனி திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

எங்கள் சோதனை அறையை நீ ஒரு தடவை பார்த்திருக்கிறாய், ஜன்னல் இல்லாத அறை, கதவோரம் கண்ணைக் காக்கும் கண்ணாடிகளை அடுக்கிய அலமாரி. கடுகைவிடச் சின்ன லேசர் சில்லுகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பார்ப்பதுதான் எனக்கும் உன் மாமாவுக்கும் வேலை. வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், அதற்கென்று இருக்கிற அட்டையை நீட்டினால்தான் அதில் ஒரு பொட்டு மின்னும். இரும்பை ஒட்டவைக்கவும் ஆஸ்பத்திரியில் சதையை வெட்டவும் போகிற சாமான் அது, நீயும் நானும் முகம் பார்த்துப் பேசுகிற பேச்சைக் கடல் தாண்டிச் சுமந்து வருவதும் அதன் சின்னத் தம்பிதான். கையுறை போட்டவன் கண்ணாடியைத் தொடக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் எடுத்து, விளிம்பில் அச்சடித்த எண்ணை வாய்விட்டுப் படித்து மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு கண்ணாடி, மாறிப்போனால் போட்டதும் ஒன்றுதான் போடாததும் ஒன்றுதான்.

வருஷக்கணக்காகத் தொள்ளாயிரத்து எண்பது அலைநீளச் சில்லு ஓடிய மேசைக்கு, அவன் கண் போன அன்றைக்குத்தான் எண்ணூற்றெட்டு வந்தது. சுவர்ப் பலகையில் பெரிதாக எழுதியும் இருந்தது. நான் வழக்கமாகக் கை போகிற தட்டிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தேன், பலகையைப் பார்த்து எண்ணூற்றெட்டு என்று சத்தமாகச் சொன்னேன், அவன் சரி என்றான், மாட்டிவிட்டேன். கையில் இருந்ததை நான் பார்க்கவே இல்லை சின்னு. இந்த லீவுக்காவது நீ வருவாயா என்று பேசிக்கொண்டே மாட்டினேன். மத்தியானம் லேசர் இடுக்கியின் பளபளப்பில் பட்டு ஒரு நொடி அவன் கண்ணில் தெறித்தது, அவ்வளவுதான்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து பார்த்தால் எண்ணூற்றெட்டுக் கண்ணாடி கீழ்த்தட்டில் உறை பிரிக்காமல் கிடக்கிறது. பூதக்கண்ணாடி என்று நாங்கள் கூப்பிடும் பாதுகாப்பு அதிகாரி வருவதற்குள், காலையில் அதைத்தான் மாட்டிவிட்டேன் என்று தோன்றட்டும் என்று உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். பதற்றத்தில் கை தானாகச் செய்தது என்று சொல்லலாம், அதுவும் பொய்தான், மாட்டிக்கொள்வேன் என்று பயந்து நான்தான் செய்தேன். இப்போது உன் மாமா, அக்கா கரெக்டாத்தான் நம்பர் படிச்சா, டீ குடிச்சிட்டு வந்து நான்தான் வேற எதையோ எடுத்து மாட்டிக்கிட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். விசாரணையிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டான். நேற்று டம்ளருக்கு வெளியே தண்ணீரை ஊற்றிவிட்டு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்க்கா என்று தலையில் அடித்துக்கொண்டான். நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்று சொல்லிவிடப் போகிறேன், முதலில் அவனிடம், பிறகு பூதக்கண்ணாடியிடம். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராக அவன் வீட்டுக்குத்தான். போய்வந்து எழுதினால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கி எழுதிவிடுவேன், அதனால்தான் முன்னாலேயே எழுதுகிறேன். அவன் இனி என் முகத்தில் விழிக்காமல் போகலாம். நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனுக்குப் போன் செய், எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே.

அடுத்த வாரம் முதல் உனக்கும் லேசர் மேசை என்று எழுதியிருந்தாய். பட்டினியாக வேலைக்குப் போகாதே. எனக்கு வரவேண்டியது எனக்கே வரட்டும், நீ ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கண்ணாடியை யார் எடுத்துக் கொடுத்தாலும் விளிம்பைத் திருப்பி எண்ணை நீயே படித்துவிட்டுப் போடு. நான் கொடுத்தாலும்.

இப்படிக்கு,
உன் அம்மா