தாடியும் திராட்சைக் கொடியும்

10 ஏப்ரல் 1949, ஞாயிறு
கொல்லைப் பந்தலில் திராட்சைக் கொடிக்கு இது மூன்றாவது கோடை. இலை, இலை, இலை. ஒரு காய் கிடையாது. மாடி வீட்டுப் பஞ்சு இன்றும் எட்டிப் பார்த்து, "என்னடா வெங்கட்டு, இலையையாவது கூட்டு பண்ணலாமோ?" என்றான். மாட்டுங்கா முழுக்கச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது.

கிராஃபோர்ட் மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன்தான் நாசிக்கிலிருந்து இந்தக் கொடியைக் கொண்டுவந்து தந்தவர். "ஏப்ரல்ல ஒரு கவாத்து, மழை விட்டதும் அக்டோபர்ல ஒண்ணு. கிளைக்கு ரெண்டு கணு விட்டுட்டு மீதியை வெட்டுங்க சார். பாவம் பார்த்தீங்கன்னா இலைதான்" என்றார். அவர் சொன்னதை ஆபீஸ் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

11 ஏப்ரல்
அம்மா கத்தரியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

"ஆத்துக்காரி உண்டாயிருக்கச்சே காய்க்கிற கொடியை வெட்டப்படாதுடா."

"காய்க்கவே இல்லையேம்மா!"

"வாயாடாதே. நீ தலைமயிர், தாடியையே வெட்டிக்கப்படாதுங்கறேன்."

வேறு யாராவது வெட்டட்டுமே என்றேன். யார் வெட்டினாலும் பலன் என் வீட்டுக்குத்தானாம். ஷ்யாமளா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

போன வருஷம் ஷ்யாமளாவுக்கு ஏழாம் மாசத்தில் வயிற்றிலிருந்த குழந்தை போயிற்று. அதற்கப்புறம் அம்மாவிடம் நான் என்ன வாதாட?

22 ஏப்ரல்
தாடி அரிக்கிறது. ஆபீஸில் சூபரிண்டெண்ட், எப்போது காஷாயம் என்று கேட்கிறார். கவாத்து நாள் போய்க்கொண்டே இருக்கிறது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல்.

3 மே
கொடியை யாரோ வெட்டியிருக்கிறார்கள்! கிளைக்கு இரண்டு கணு விட்டு, அளந்து வெட்டினாற்போல. நுனிகளில் நீர் சொட்டுகிறது. நான் ஆபீஸில், அம்மா பஜனையில். தூங்கிவிட்டேன், தெரியாது என்கிறாள் ஷ்யாமளா.

நான் சொல்லிக் கணுக் கணக்கு தெரிந்தவன் பஞ்சு ஒருவன்தான். போய்க் கேட்டேன். "எனக்கு வேறே வேலை இல்லையா?" என்று கதவைச் சாத்தினான்.

அம்மாவோ என்னையே பார்க்கிறாள். "நீதானேடா? கற்பூரம் ஏத்தறேன், சத்தியம் பண்ணு." பண்ணினேன். நம்பவில்லை. கத்தினேன். செய்யாத காரியத்துக்கு இத்தனை பேச்சு கேட்பவன் உண்டா?

18 ஜூன்
காலையிலிருந்து மழை. ஷ்யாமளாவுக்கு இடுப்பு வலி. டாக்டர் வந்து, படுத்தே இருக்கட்டும் என்றார். அம்மா பந்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வெட்டலியே! வெட்டவே இல்லையே!

ஆனால் — அன்றைக்கு வெட்டியிருந்ததைப் பார்த்ததும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேனே. அதுவும் கணக்கா? இதையெல்லாம் நம்பாதவன்தானே நான்?

பயமாக இருக்கிறது.

19 ஜூன்
வலி இல்லை.

27 ஆகஸ்ட்
பெண் குழந்தை. ஐந்தே முக்கால் பவுண்டு. இரண்டு பேரும் சௌக்கியம்.

28 ஆகஸ்ட்
குழந்தைக்குப் பழைய துணி வேண்டும் என்று ஷ்யாமளா ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் அவளுடைய தையல் கத்தரி. அலகு முழுக்கக் காய்ந்த கொடிப் பட்டை. சுற்றியிருந்த காகிதத்தில் என் கையெழுத்து: கிளைக்கு இரண்டு கணு.

துணியைக் கொடுக்கும்போது கேட்டேன். "என்னை அம்மா அந்தப் பாடு படுத்தினாளே, சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நாலு மாசமும் என்னைத் தூங்க விட்டிருப்பாளா?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்தது." குழந்தையின் விரல்களைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "போன தடவை நாம ஒண்ணையும் வெட்டலியே. அப்பவும் போயிடுத்தே."

வீட்டுக்கு வந்து, கத்தரியைத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். அம்மா சமையலறையில் இருந்தாள். கொடியை வெட்டியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.