உனக்குப் பதிலாக இருபது மரக்கன்று

குத்துக்கல்வலசை,
நவம்பர் 9, ஞாயிறு மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான ரெபேக்காளுக்கு, உன் வீட்டுக்காரன் பிரின்ஸ் எழுதுவது. அவர் கிருபையில நானும், பாளையங்கோட்டை ஹாஸ்டல்ல நம்ம மக ஜாயும் சுகமா இருக்கோம். இங்கிலாந்துல நீயும், நீ பாத்துக்கிடுத அந்தப் பெரியவரும் சுகமா இருக்கணும்னு ஜெபிக்கேன்.

தினம் போன்ல பேசுத மனுஷன் எதுக்குக் கடுதாசி எழுதுதான்னு நினைப்ப. போன்ல எங்க பேச முடியுது? நான் வாயைத் திறக்கவும் அந்தப் பெரியவர் மணி அடிச்சிருதாரு. இருங்க வாரேன்னு போனை மேசையில மல்லாக்க வச்சிட்டுப் போயிருத. நான் அந்த வீட்டு மச்சைப் பாத்துக்கிட்டு பத்து நிமிஷம் உக்காந்திருக்கேன். கடுதாசின்னா நடுவுல எந்திச்சுப் போக முடியாதுல்லா, அதான்.

முதல்ல ஊர்ச் சேதி. குற்றாலத்துல சீசன் இந்த வருஷம் சீசனாவே இல்லை. மே மாசமே கொட்டித் தீத்துட்டு, ஜூன்ல ஒரே வெள்ளம், குளிக்கத் தடை. ஜூலையில இருந்து ஒரே வெயில், அருவியில தண்ணியில்லை. குளிக்க ஆள் வராம மங்குஸ்தானும் ரம்புட்டானும் யாரு வாங்குவா? பாதி கூடை அழுகிப் போச்சு. இப்ப தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில ஆரஞ்சு விக்கேன். வயித்துக்குப் பஞ்சமில்லை. நீ கவலைப்படாத.

இதை ஏன் சொல்லுதேன்னா, பிளைன் விடுத புகையில பூமி கெட்டுப் போகுதுன்னு அந்தப் பெரியவர் மக கேத்தரின் அம்மா சொன்னதா நீ சொன்னல்லா. அருவிக்கரையில இருபது வருஷமா கடை போடுதவன்கிட்டயா அதைச் சொல்லணும்? எனக்குத் தெரியாதா? அவங்க சொல்லுதது பொய்னு நான் சொல்லல. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா டிக்கெட் எடுத்துத் தாரேன்னு சொல்லித்தான உன்னைச் சேத்தாங்க. போன டிசம்பர்ல அவங்க அப்பா விழுந்துட்டாருன்னு நின்னுட்ட. சரி, வயசான மனுஷன். இந்த டிசம்பருக்கு அந்தம்மா என்னடான்னா, எங்க குடும்பமே இனி பிளைன்ல ஏறுததில்லைன்னு முடிவு பண்ணிட்டோம், உன் டிக்கெட்டுக்குப் பதிலா உன் பேர்ல உங்க ஊர்லயே இருபது மரம் வைக்கோம்னு ஒரு சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துட்டாங்க. நீயும் அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புத! பச்சைக் கலர்ல பூப்போட்ட பார்டரோட ரெபேக்காள் பிரின்ஸ்னு உன் பேரு. செத்தவங்க பேர்லதாம்ட்டி நம்ம ஊர்ல மரம் வைப்பாங்க.

நீ திட்டுவன்னுதான் இதுவரை சொல்லல. அந்த மரத்தைப் பாக்க நான் போனேன். வடகரைக்கு அங்கிட்டு, மலையடிவாரத்துல ஒரு புறம்போக்கைக் கம்பிவேலி போட்டு வச்சிருக்காங்க. முழங்கால் உயரத்துல கன்னு. ஒவ்வொண்ணுலயும் ஒரு தகரத்துண்டு, அதுல நம்பர். ஆகஸ்டு வெயில்ல எல்லாம் வாடிப்போய் நின்னுச்சு. எனக்கு மனசு கேக்கல. ரெபேக்காள் பேர்ல இருக்கதைக் காய விடலாமான்னு, பக்கத்துத் தோப்புல கேட்டு ரெண்டு கேன்ல தண்ணி பிடிச்சு ஊத்தினேன். அதுல இருந்து வாரம் ரெண்டு நாள் மொபட்டுல போய் தண்ணி ஊத்திட்டு வந்தேன். ஆறு வாரம்! பூசை லீவுக்கு வந்த ஜாய் வயித்தைப் பிடிச்சுச் சிரிக்கா. அப்பா, நீங்க எரிக்க பெட்ரோலுக்கே இன்னும் நாலு மரம் வைக்கணும்னு சொல்லுதா. அதோட விட்டாளா? அந்த நம்பரைப் போன்ல போட்டுப் பாத்துட்டு, இது அம்மா வரிசையே இல்லை, நார்வேயில யாரோ ஒருத்தர் பேருன்னுட்டா. அவர் எந்த ஊருக்குப் பறந்தாரோ, அதுக்கு நான் ஆறு வாரம் தண்ணி சுமந்திருக்கேன். உன் வரிசை மேக்கால ஓரத்துல இருந்திச்சு. போய்ப் பாத்தா யானை இறங்கி மிதிச்சிட்டுப் போயிருக்கு. இருபதுல ஏழுதான் மிச்சம். சவம், அந்த நார்வேக்காரன் கன்னெல்லாம் தளதளன்னு நிக்கு.

அங்க சொக்கம்மாள்னு ஒரு பொம்பளை தினம் வேலிக்கு வெளிய உக்காந்திருப்பா. முன்னால அந்த நிலத்துலதான் அவ ஆடு மேய்ச்சிருக்கா. வேலி போட்டதும் பதினோரு ஆட்டையும் வித்துட்டா. யாருக்கு அண்ணாச்சி இம்புட்டு மரம்னு கேட்டா. என் வீட்டுக்காரி ஊருக்கு வராததுக்குப் பதிலா வச்சதுன்னு சொன்னேன். அவளுக்குப் புரியல. அப்ப அவ வந்துட்டா இதைப் பிடுங்கிருவாங்களான்னு கேட்டா. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்குப் போனதுதான் அவ வாழ்நாள்ல போன தூரம். யாரோ பறந்ததுக்கு அவ ஆட்டை ஏன் விக்கணும்? ரெண்டு ஆரஞ்சைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

உன் பெரியவரையோ அவர் மகளையோ நான் குறை சொல்லல. மரியாதையா நடத்துதாங்கன்னு நீயே சொல்லுத. ஆனா எகிப்து, ஜப்பான், நம்ம கொடைக்கானல் வரைக்கும் பாத்த போட்டோவை எல்லாம் உனக்குக் காட்டினாருல்லா? பாக்க வேண்டியதை எல்லாம் பாத்து முடிச்சவங்களுக்கு இனி போகலைன்னு சொல்லுதது லேசு. பெத்த பிள்ளையைப் பாக்க வாரதும் ஊர் சுத்துததும் ஒண்ணா? இதை அவங்க கேக்கலைன்னு எனக்கு வருத்தமில்லை. அவங்க சொல்லுததும் நியாயந்தானன்னு நீ சொன்ன பாரு, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

இன்னொண்ணு மனசுல கிடந்து அறுக்குது. எங்கம்மா படுக்கையில கிடந்த சமயத்துல, ஏதோ கணக்கெடுக்கன்னு ஒரு டீச்சர் வந்தாங்கள்ளா? உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்காங்கன்னு கேட்டதுக்கு, சும்மாதான் இருக்கான்னு சொன்னேன். நீ அப்ப பின்வாசல்ல அம்மா படுத்த துணியைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்த. காதுல விழுந்திருக்கு. வாளியை டொக்குன்னு வச்ச. ஆறு வருஷம் எங்கம்மாவைத் தூக்கி, துடைச்சு, ஊட்டின. அந்த வேலையைத்தான் இப்ப கடல் தாண்டிப் போய்ச் செய்யுத. சம்பளம் கொடுத்தாத்தான் அது வேலைன்னு நாட்டுக் கணக்குல ஏறுமாம், ஜாய் பாடத்துல படிக்கா. நாட்டை விடு. வீட்டுல இருந்த நானே கணக்குல ஏத்தலியே. உன் அருமை எனக்கு ஒரு வெள்ளைக்காரன் சம்பளம் கொடுத்துத்தான் தெரியணுமா? மன்னிச்சிரு. இதை நேர்ல சொல்லணும்னு மூணு வருஷமா வச்சிருக்கேன்.

நீயே டிக்கெட் எடுன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல. அந்தக் காசு ஜாய் படிப்புக்குன்னு நீ சொல்லுவ. அதுக்குத்தான் மொபட்டை வித்துட்டேன். கோவப்படாத. ஜாயும் ஹாஸ்டல்ல சின்னப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுத்துக் கொஞ்சம் சேத்தா. டிக்கெட் பாதிக்கு வரும். மறுபாதி மட்டும் நீ போடு.

காசை விட உன்னைப் பிடிச்சு நிறுத்துதது அந்த நியாயந்தான்னு எனக்குத் தெரியும். ஜாய் போன்ல ஒரு கேள்விப் பட்டியலை வச்சு என்னைக் கேட்டா. வீட்டுல எத்தனை ஏசி, எத்தனை கார், வாரம் எத்தனை நாள் கறி, எத்தனை தடவை பிளைன்னு. எல்லாத்துக்கும் சைபர், கறிக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை. எல்லாரும் என்னைய மாதிரி இருந்தா பாதி பூமி போதுமாம். அந்தப் பெரியவர் வீட்டை மாதிரி இருந்தா மூணு பூமி வேணுமாம்.

அதனால கேத்தரின் அம்மாகிட்ட மரியாதையாவே சொல்லு. என் வீட்டுக்காரன் பிளைன்ல ஏறினதே இல்லை, இனிமேயும் ஏறப் போறதில்லை. அவன் பங்கு அப்படியே கிடக்கு, அதுல நான் ஒரு தடவை ஊருக்குப் போய்ட்டு வாரேன்னு சொல்லு. கேட்டா நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்.

வந்துரு ரெபேக்கா. பத்து நாள் போதும். நீ போற வழியையும் வார வழியையும் கர்த்தர் காக்கட்டும். வார வழியை முதல்ல காக்கட்டும்.

உன் வரவுக்கு ஏங்கும்,
பிரின்ஸ்