சின்ன நண்டின் உடைந்த கால்

மார்ச் 3
இந்த மாதத்தோடு 'கலங்கரை நண்டு' கார்ட்டூன் முடிகிறதாம். எங்கள் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் இழவு வீட்டுக் களை. பேங்க் மேனேஜர் நீளமாக இரங்கல் எழுதினார். பல் டாக்டர் அம்மா, தானே தைத்த நண்டு உடையில் அழும் படத்தை அனுப்பினார். கொடுக்கு இடித்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லையாம்.

"நாப்பது தாண்டியாச்சு. பொம்மைப் படம் முடியுதுன்னா சாப்பாடு எறங்கலையாடா?" என்றாள் அக்கா.

இறங்கவில்லை.

மார்ச் 9
கார்ட்டூனில் நண்டு துடைக்கும் விளக்கு மஞ்சளா, ஆரஞ்சா என்று குழுவில் மறுபடி சண்டை. இருவர் குழுவை விட்டு நிரந்தரமாக விலகினார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார்கள்.

மார்ச் 12
லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் மாடிப்படியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டான் என்று என்னைப் பார்த்து ஆபீசில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போன வருஷம் நான் படுத்திருந்த வார்டில் டிவி கிடையாது. ஒவ்வொரு பகுதியின் கதையையும் குழுவினர்தான் எனக்கு எழுதி அனுப்பினார்கள். நண்டுக்கு ஒரு தம்பி வந்ததும், அந்தச் சின்ன நண்டு பாறையில் வழுக்கிக் கால் ஒடிந்து படுத்ததும் அப்போதுதான். என் ராசி அப்படி. நான் எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்தபோது அவன் வைத்தியத்துக்கு அக்கரைக்குப் போய்விட்டான். கடைசிப் பகுதியில் வருவான் என்றார்கள்.

அவன் நடந்து வரட்டும், நானும் கைத்தடியை மூலையில் வைக்கிறேன். எலும்பு எப்போதோ கூடிவிட்டது என்கிறார் டாக்டர். படியைப் பார்த்தால் எனக்குத்தான் நடுங்குகிறது.

"நண்டுக்குப் பத்துக் காலு. ஒண்ணு ஒடைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் அக்கா.

மார்ச் 31
முடிந்தது. நண்டு விளக்கைத் துடைத்தது, கடலைப் பார்த்தது, பேர் ஓடிடுச்சு. தம்பி எங்கே? கூடப் பொறந்தவன்— இருக்கானா செத்தானான்னு ஒரு வார்த்தை வேண்டாமா? இவங்களுக்கெல்லாம் வீட்டுல தம்பியே கிடையாதா?

அதையே கார்ட்டூன் கம்பெனிக்கும் எழுதிப் போட்டேன்.

ஏப்ரல் 1
விளக்கின் நிறத்துக்காக வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டவர்கள், தம்பிக்காக வாயே திறக்கவில்லை. ஏன்?

ஏப்ரல் 8
கம்பெனியின் பதில்: 'தங்கள் அன்புக்கு நன்றி. எங்கள் தொடரில் நண்டுக்குத் தம்பி கிடையாது.'

அதை அப்படியே குழுவில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் அம்மா போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க படுத்திருந்தப்போ கார்ட்டூன்ல ஒண்ணுமே நடக்கல. நண்டு சும்மா வெளக்கு தொடச்சிட்டு இருந்துச்சு. அதை எப்படி உங்களுக்கு எழுதறது? முறை போட்டு நாங்களே எழுதினோம்."

"கால் ஒடைஞ்சது?"

"உங்களுக்குத் துணையா ஒருத்தன் படுக்கட்டுமேன்னுதான்."

"அக்கரை வைத்தியம்?"

"நீங்கதான் டிவி பாக்க ஆரம்பிச்சிட்டீங்களே. அவனை வேற எங்க அனுப்பறது?"

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன், அழவும் செய்தேன். "யாருடா செத்தா?" என்று ஓடிவந்தாள் அக்கா. "யாரும் சாகல. பொறக்கவே இல்ல" என்றேன்.

முகம்கூடப் பார்க்காத எனக்காக ஒரு நண்டைப் பெற்று, அதன் காலையும் ஒடித்திருக்கிறார்கள். இதற்கு எப்படி நன்றி சொல்வது?

ஏப்ரல் 20
கார்ட்டூன்தான் முடிந்ததே, குழுவைக் கலைக்கலாமா என்று ஓட்டெடுப்பு. விளக்கின் நிறம் முடிவாகாததால் ஒத்திவைப்பு.

மே 6
பேங்க் மேனேஜரின் கிளையை மூடி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். குழுவில் ஒரே வரியில் சொன்னார்.

மே 7
மூலையில் கிடந்த என் கைத்தடியால் அக்கா ஒட்டடை அடிக்கிறாள்.

இன்று நானே ஒரு பகுதி எழுதினேன். கலங்கரை விளக்கத்தில் ஆள்குறைப்பு. வேலை போன பெரிய நண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது. அக்கரையிலிருந்து தம்பி நடந்தே வந்து பக்கத்தில் உட்காருகிறான். அவ்வளவுதான். குழுவில் போட்டேன்.

மேனேஜர் கேட்டார்: "இது எப்போ வந்துச்சு? நான் பாக்கவே இல்லையே."

"நீங்க அப்போ பேங்க்ல இருந்திருப்பீங்க சார்" என்று பதில் போட்டேன்.