மன்னர் இமை திறக்க எண்ணெய் வேண்டியது

வாழி புன்னைத்துறை நாடு; வற்றாதிருக்க அதன் துறைகள். அந்நாட்டு மருத்துவப் பேரதிகாரி ஏனாதி கொற்றங்குமரனார் திருமுன், வெண்கோட்டு நாட்டு இமைச்சாலை நாயகர் மழவரையர் சொல்ல, அரண்மனை எழுத்தர் பொறித்த ஓலை.

எங்கள் மாமன்னர், எண்டிசை வென்ற திண்வேற்பெருமாள், கடைக்கண்ணால் நோக்கினால் பகைவர் கோட்டைகள் பொடியாகும். அந்தக் கண்கள் முந்தாநாள் முதல் திறக்கவில்லை.

நடந்தது இது. சென்ற ஆண்டு உங்கள் தூதரின் மனைவியார் இங்கு வந்தபோது, அவரது இமைமயிர் விசிறிபோல் விரிந்திருந்தது கண்டு எங்கள் பட்டத்தரசி சோறு இறங்காமல் தவித்தார். அது ஒட்டுமயிர் என்று தெரிந்ததும், எங்கள் நாட்டிலும் ஒரு சாலை திறக்க ஆணையாயிற்று. வேலையின்றிப் பட்டம் மட்டும் சுமந்திருந்த மழவரையர், தமக்குத் தெரியாத தொழிலும் உண்டோ என்று முந்திக்கொண்டார். பழைய யானைக்கொட்டிலை மெழுகி, வெள்ளாட்டுக் குட்டியின் மயிரை ஆவியில் வளைத்து, பிசினில் தோய்த்து, ஒரு மயிருக்கு ஒரு மயிராக ஒட்ட ஆட்களைப் பழக்கினார். தொழில் ஓகோவென்று நடந்தது. ஒட்டியது உதிர்ந்துவிடும் என்று அந்தப்புரத்தில் அழுகையே நின்றது; சேனாபதி வீட்டு இழவில்கூடப் பெண்கள் வாயால் மட்டும் ஒப்பாரி வைத்தனர்.

அத்தோடு நின்றிருக்கலாம். பகைநாட்டுத் தூதன் வருகிறான், நம் பார்வை இன்னும் அச்சுறுத்த வேண்டும் என்று மாமன்னரே கொட்டிலுக்கு வந்து படுத்தருளினார். குடிகளுக்கு எது ஒரு பங்கோ அது மன்னருக்கு இரு பங்கு என்பது எங்கள் மரபு. சோற்றிலும் அப்படி, சந்தனத்திலும் அப்படி. மழவரையர் பிசினிலும் அப்படியே செய்வித்தார். மேலிமையும் கீழிமையும் கவ்விக்கொண்டன. எந்த மடையன் வேலையடா இது, அவன் தலையைக் கொண்டுவா என்று மாமன்னர் திருவாய் மலர்ந்தருளினார்.

மழவரையர் இன்னும் உயிரோடிருப்பது இன்னொரு மரபால். மன்னர் கண் மூடியிருக்கையில் சொல்வதெல்லாம் உறக்கத்து உளறல்; ஆணை ஆகாது. மாமன்னர் தொண்டை கட்டும்வரை கத்தினார். கெட்ட கனவு போலும் என்று அவையோர் மெல்ல விசிறிவிட்டனர். தலைவெட்டும் அதிகாரி பெரும்பிடுகர், நாயகர் வாசலில் வாளைத் தீட்டியபடி அமர்ந்து, அவசரமில்லை ஐயா, அவர் முழிக்கட்டும், நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பரிவோடு விசாரிக்கிறார். அந்தப் பரிவைக் கேட்டது முதல் நாயகர், தண்ணீர் குடித்தால் கழுத்தில் எந்த இடத்தில் இறங்குகிறது என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

சும்மா இருந்துவிடவும் வழியில்லை. பௌர்ணமிக்குள் மன்னர் கண் திறக்காவிடில், நாயகர் தலையைக் கொய்யத் திறந்த கண்ணோடு தாமே ஆணையிடுவதாக அரசியார் சொல்லிவிட்டார்.

ஆகவே வேண்டுவது. அரசியார் அருகில் நிற்கையில் நாயகர் உரக்கச் சொன்னது: பிசின் கரைக்கும் எண்ணெயைக் காற்றினும் கடிய குதிரையில் அனுப்புக. அரசியார் அப்பால் போனதும் மெல்லச் சொன்னது: மாட்டுவண்டியே போதும், மாடு கிழமாயினும் குறையில்லை, பௌர்ணமியன்று வந்து சேர்ந்தால் சரி. எண்ணெய்க்கு முன்னதாக, மழவரையர் இல்லாமல் புன்னைத்துறையில் ஒரு காரியமும் நடக்காது, உடனே அனுப்பிவைக்கவும் என்று உங்கள் அரசர் பெயரால் ஓர் ஓலை வரவேண்டும். அங்கே என்ன வேலையானாலும் செய்வார். இமை மட்டும் வேண்டாம் என்கிறார்.

கடலில் உப்பு உள்ளளவும் நம் நட்பு நிற்க. இது வெண்கோட்டுப் பெருமுத்திரை பெற்ற வாசகம். இதனை மீறுவோர் எங்கள் மன்னரின் பார்வைக்கு ஆளாகக் கடவர்.

இவ்வரி பொறிக்கும்போது பள்ளியறையிலிருந்து மாமன்னர் குரல் கேட்டது. வலக்கண் ஓரம் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது என்றார். முத்திரையிடச் சற்றுத் தாமதமாயிற்று. நாயகர் வேட்டி மாற்றிவரப் போயிருந்தார்.