விரும்பிக் கேட்டவர் வியாகுலம்

கொழும்பு
12.3.1979

அன்புள்ள இசபெல்லுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு?

ஞாயிற்றுக்கிழமை கடையில் சோறு பரிமாறும்போது ரேடியோவில், "இந்தப் பொப் பாடலை விரும்பிக் கேட்டவர் ஹட்டன் வியாகுலம்" என்றார்கள். திடுக்கிட்டதில் பருப்பு வாளி முதலாளி இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் சாய்ந்துவிட்டது. பயப்படாதே, வேலை போகவில்லை. "பேரு வியாகுலம், கேக்குறது துள்ளல் பாட்டா?" என்று கடையில் ஒரே சிரிப்பு. நானும் ரெண்டு ஆட்டம் ஆடிக் காட்டினேன்.

போஸ்ட்காட் போட்டது நம்ம மக பெற்றீசியாதான். "பொம்பளப் புள்ள பேரு ரேடியோவுல வந்தா சந்தி சிரிக்கும்" என்று நத்தார் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தப்போ கத்தினவன் நான்தானே. அதனால்தான் என் பேரில் ஒளிந்துகொண்டாள். அந்தப் பாட்டைப் பாடினதும் ஒரு பொம்பளப் புள்ளதான். என்ன தைரியமான குரல்! அவள் அப்பன் என்னைப்போல மடையன் இல்லை போலிருக்கு.

அவளை ஏசாதே. கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்பு, இங்கே தேத்தண்ணி வாயில் வைக்க முடியலை.

இதை உனக்கு வாசித்துக் காட்டுறவளும் அவள்தானே, இந்நேரம் குரல் இறங்கியிருக்கும். மகளே, சத்தமா வாசி. அடுத்த போஸ்ட்காட்டில் உன் பேரையே எழுது. என் பேரை முதலாளி நாளுக்கு நூறு தரம் கூப்பிடுறார். உன் பேரைச் சொல்லத்தான் இங்கே ஒருத்தரும் இல்லை.

சாப்பிட ஆள் வந்துட்டாங்க.

வியாகுலம்