தகரம் அடைத்த பூங்கா

புகோண்டே, உகாண்டா
ஜூன் 3

அன்புள்ள கிவும்பியின் அப்பாவுக்கு,

நலம் என்றுதான் எழுத ஆசை. சர்க்கரை இறங்கவில்லை. இரண்டு கால்விரல்கள் மரத்துக் கிடக்கின்றன. "மருந்து கிடக்கட்டும், நடக்கறீங்களா?" என்று டாக்டர் திட்டுகிறார். எங்கே நடப்பது? தெருமுனைப் பூங்காவைத் தகரம் வைத்து அடைத்து நாலு மாதமாகிறது.

பூங்காவில் நடந்தால் உடம்புக்காக நடக்கிறாள் என்பார்கள். ரோட்டில் நடந்தால் கதியற்றவள். நேற்று கடைவரை போவதற்குள் அடுத்த தெரு செம்பட்யா காரை நிறுத்திவிட்டார். "என்ன டீச்சர், நடந்தா போறீங்க? அண்ணன் அங்க கம்பாலாவுல என்னதான் பண்றாரு? ஏறுங்க, ஏறுங்க!" மறுத்தால் அவமானப்படுத்தியது போலாகிவிடும். ஏறினேன். நடக்கப் புறப்பட்டவளை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினார். சிரித்தேன், பிறகு அழுகை வந்தது.

நகரசபையில் உங்களுக்கு ஆள் உண்டே. பூங்காவைத் திறக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்கள். அலுப்பாக இருக்கிறது.

உங்கள்
நக்கித்தோ

கம்பாலா
ஜூன் 19

அன்புள்ள நக்கித்தோ,

முடிந்தபின் சொல்லி உன்னை அசத்தலாம் என்றிருந்தேன். அந்தப் பூங்கா இடத்தை வாங்கியவர்களில் நானும் ஒருவன். பெட்ரோல் பங்க் வருகிறது. நம் வயதான காலத்துக்குத்தான். வீட்டுக்குள்ளேயே நடக்க ஒரு மெஷின் வாங்கித் தருகிறேன். அதுவரை ரோட்டில் நடக்காதே, என் பெயர் கெடுகிறது. தினமும் உன்னை ஏற்றிப்போக வாடகை பைக் ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறேன். கோபப்படாதே.

உன்
வலுசிம்பி

புகோண்டே
ஜூலை 8

திரு. வலுசிம்பி அவர்களுக்கு,

பைக் ஓட்டுபவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பாவம், அவர்மேல் தப்பில்லை. இப்போது ரோட்டில்தான் நடக்கிறேன். செம்பட்யா மறுபடியும் நிறுத்தினார். "நடக்குற எடத்த எங்க வீட்டுக்காரரே வாங்கிட்டாருப்பா" என்றேன். மனிதர் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, மார்க்கெட்வரை என்னோடு நடந்தார். அதன்பின் யாரும் என்னை ஏறச் சொல்வதில்லை.

ஆனால் காலம் கடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு கால்விரலை எடுக்கிறார்கள். சம்மதக் கையெழுத்துக்கு வீட்டு ஆள் வேண்டுமாம். உங்களைத்தான் கேட்டார்கள். நம் மகனை வரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வர வேண்டாம்.

நக்கித்தோ